இடுப்பு வலியும் கிழிந்த தசைநாணும்

டிக்கோயா மலைகளில் கொழுந்தெடுக்கும் பெண்களுக்கும், சொந்த நிலத்தை இழந்து வந்து மரக்கறித் தோட்டங்களில் மண்வெட்டி பிடிக்கும் குடும்பங்களுக்கும் இடுப்பு வலி புதிதல்ல. வாதம் என்று எண்ணெய் பூசுகிறோம். டிஸ்பென்சரியில் வில்லை வாங்குகிறோம்.

ஆனால் ஒரு வகை வலி வேறானது. அது இடுப்பின் வெளிப்பக்க எலும்பின் மேல் வலிக்கும். இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாது. படி ஏறும்போது கூடும். நாற்பது வயதைத் தாண்டிய பெண்களிடமே இது அதிகம்.

நடக்கும்போது உடல் ஒருபக்கம் சாயாமல் பிடித்து நிறுத்துபவை புட்டத்துத் தசைகள். அவற்றைத் தொடையெலும்போடு இணைப்பது தசைநாண். வயது ஏற ஏற அது நைந்து, சிலருக்குக் கிழிந்தும் போகிறது. எக்ஸ்ரே படத்தில் கிழிசல் தெரியாது, ஸ்கேன் வேண்டும்.

எல்லோருக்கும் கத்தி தேவையில்லை. நைந்த நாணுள்ள 204 பேரைக் கொண்டு அவுஸ்திரேலியாவில் நடந்த ஆய்வொன்று 2018இல் வெளியானது. பயிற்சியும் ஆலோசனையும் பெற்றோரில் ஏறத்தாழ 79 வீதத்தினர் ஓராண்டின் பின் தேறியிருந்தனர். ஊசி போட்டோரில் 58 வீதத்தினரே. ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று நினைக்கும் எம்மவர் இதைக் கவனிக்க வேண்டும்.

நாண் கிழிந்து, பயிற்சியாலும் குணமாகாதவர்களுக்கே சத்திரசிகிச்சை. சிறு துளைகள் வழியே கமராவைச் செலுத்தி, எலும்பில் பதித்த சிறு ஆணிகளின் நூலால் நாணைத் தைக்கிறார்கள். 2009இல் அமெரிக்க வைத்தியர்கள் வெளியிட்ட அறிக்கையின்படி, சராசரியாக 25 மாதங்களின் பின் பத்துப் பேருக்கும் வலி நீங்கி, பலம் திரும்பியிருந்தது. பத்துப் பேர் என்பது சிறு தொகைதான். எனினும் பின்னர் ஐந்தாண்டு, பத்தாண்டு கடந்து பார்த்தபோதும் பெரும்பாலோருக்குப் பலன் நிலைத்திருந்தது. தசை கொழுப்பாக மாறும்வரை காலம் கடத்தியவர்களுக்கே பலன் குறைவு.

ஆனால் அந்த நோயாளிகள் வாரக்கணக்கில் ஊன்றுகோலில் நடந்து, மாதக்கணக்கில் பயிற்சி செய்தவர்கள். லயத்திலிருந்து பீலிக்கு இறங்கும் வழுக்குப் பாதையில் ஊன்றுகோல் எப்படி? மலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் ஏது? தைத்த நாண் மீண்டும் அறுந்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

2017இல் 150 கட்டில்களுடன் புதிய கட்டடத்தில் திறக்கப்பட்ட டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையில் முதலில் காட்டுங்கள். எலும்பு வைத்திய நிபுணரிடம் அனுப்பினால், எத்தனை வாரம் பாரம் தூக்கக் கூடாது என்பதைச் சத்திரசிகிச்சைக்குத் திகதி குறிக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தத் துண்டை வைத்துத்தான் தோட்டத்துரையிடம் லீவும், பிறகு இலேசான வேலையும் கேட்கலாம். தண்ணீர்க் குடத்தை யார் சுமப்பது என்று வீட்டு ஆண்களும் அன்றே பேசி முடிக்கட்டும்.