ஒரே மருந்து, இரண்டு விலை

சங்கத்துப் பொங்கல் விழாவில் செம்பூர் மாமி ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "என் தம்பிக்கு எழுதிக் கொடுத்த கேன்சர் மாத்திரை வேறு கம்பெனி பெயரில் பாதி விலைக்குக் கிடைக்கிறதாம். போலியாக இருக்குமோ?" முப்பது வருஷம் மருந்துக் கடையில் நின்றவன் நான். விலை குறைவு என்பதாலேயே போலி ஆகிவிடாது. நம் மும்பையிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு.

ஜெர்மனியின் பேயர் நிறுவனம் நெக்ஸாவார் என்ற மாத்திரையை விற்று வந்தது. முற்றிய சிறுநீரக, கல்லீரல் புற்றுநோயில் ஆயுளைச் சற்று நீட்டிக்கும், அவ்வளவுதான். ஒரு மாதத்துக்கு வேண்டிய 120 மாத்திரை சுமார் 2,80,000 ரூபாய்! காப்புரிமை இருந்ததால் அனுமதியின்றி மற்றவர் தயாரிக்கக் கூடாது.

ஆனால் நம் காப்புரிமைச் சட்டத்தின் 84-வது பிரிவில் ஒரு வழி இருக்கிறது. காப்புரிமை தந்து மூன்று வருஷம் கழிந்தும் கட்டுப்படியாகும் விலையில் மருந்து கிடைக்காவிட்டால், வேறொருவர் 'கட்டாய உரிமம்' கேட்கலாம். ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனம் கேட்டது. 2012 மார்ச் 9-ந் தேதி மும்பை காப்புரிமை அலுவலகம் அனுமதித்தது. அதே 120 மாத்திரை ஒன்பதாயிரம் ரூபாய்க்குள். விற்பனையில் 6 சதவீதம் பேயருக்கு ராயல்டி. பேயர் உச்ச நீதிமன்றம் வரை போயும் 2014-ல் உத்தரவு நிலைத்தது.

ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான். வாங்க ஆளில்லாத விலை வைத்தால் எந்தச் செலவு திரும்பி வரும்?

கேட்டவர்க்கெல்லாம் இந்த உரிமம் கிடைத்ததில்லை. தசாடினிப் மருந்துக்குக் கேட்ட நிறுவனத்தின் மனு 2013-ல் தள்ளுபடியானது.

மாமியிடம், மருந்தின் மூலப் பெயரை டாக்டரிடம் எழுதி வாங்கி, அவரிடம் கேட்டுக்கொண்டு, பில்லோடு வாங்கச் சொன்னேன்.