சிலிண்டர் பவருக்கு லேசர் சிகிச்சை: நன்மையும் இடரும்

கண்ணாடிச் சீட்டில் ‘சிலிண்டர்’, ‘ஆக்சிஸ்’ என்னும் தலைப்புகளின் கீழ் எண்கள் எழுதப்பட்டிருந்தால், உங்களுக்கு ஆஸ்டிக்மேட்டிசம் உள்ளது என்பது பொருள். பெரும்பாலும் இது கருவிழியின் வளைவு ஒரு திசையில் மிகுந்தும், அதற்குக் குறுக்கான திசையில் குறைந்தும் இருப்பதால் நேர்வது. ஒளி ஒரே புள்ளியில் குவியாமையால் எழுத்துகள் நிழல் படிந்தவைபோல் தோன்றும். கண்ணாடியால் தெளிவாகப் பார்க்க முடிகிறவருக்கு அறுவை சிகிச்சை கட்டாயமன்று; அது அவரவர் விருப்பம்.

எவ்வாறு செய்யப்படுகிறது?

லேசிக் முறையில் கருவிழியின் மேற்பரப்பில் மெல்லிய மடலொன்று திறக்கப்பட்டு, அடியிலுள்ள திசு லேசரால் செதுக்கப்படுகிறது. பின்னர் மடல் மூடப்படுகிறது. பி.ஆர்.கே. முறையில் மடல் இல்லை. சில நாட்கள் வலி இருக்கும். பார்வையும் மெதுவாகவே தெளியும். ஆனால் மடல் விலகும் அச்சம் இல்லை.

சிலிண்டர் பவரில் அளவைப் போலவே அச்சும் முக்கியம். அச்சு 10 பாகை பிசகினால் பயனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். படுக்கும்போது கண் சிறிது சுழலக்கூடும் என்பதால், உட்கார்ந்த நிலையிலேயே கண்ணில் குறியிடும் வழக்கம் உண்டு.

பயனும் எல்லையும்

தகுதியுடையவர்களில் பெரும்பாலோர் அன்றாட வேலைகளைக் கண்ணாடியின்றிச் செய்ய இயலும். எனினும் சிறிது பவர் எஞ்சலாம். 40 வயதையொட்டி வரும் வெள்ளெழுத்தை இச்சிகிச்சை தடுக்காது. கண்புரை உள்ளவர்களுக்குப் புரை அறுவையின்போதே டோரிக் லென்ஸ் பொருத்திச் சிலிண்டரைக் குறைக்கலாம்.

இடர்கள்

முதல் சில மாதங்களில் கண் உலர்வும், இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டமும் தோன்றுவது உண்டு. பெரும்பாலும் இவை குறையும்; சிலருக்கு நீடிக்கும். கிருமித்தொற்று அரிது, ஆயினும் பார்வையைப் பாதிக்கக்கூடியது.

கருவிழியின் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்பே உடையது. செதுக்கிய திசு மீண்டும் வளராது. ஆகவேதான் ‘கெரட்டோகோனஸ்’ என்னும் கூம்புக் கருவிழி நோயை முன்கூட்டியே கண்டறிதல் இன்றியமையாதது. கருவிழி மெலிந்து முன்தள்ளும் இந்நோய் தொடக்கத்தில் வெறும் சிலிண்டர் பவராகவே தோன்றக்கூடும். அக்கண்ணில் லேசிக் செய்தால் கருவிழி மேலும் நலிந்து, கண்ணாடியாலும் திருத்த இயலாத நிலை ஏற்படலாம். சிலிண்டர் எண் ஆண்டுதோறும் ஏறினாலோ, கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தாலோ, குடும்பத்தில் எவருக்கேனும் இந்நோய் இருந்தாலோ மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள்.

குடும்பத்தாருக்கு

திருமணப் பேச்சோ வேலைத் தேர்வோ நெருங்கும்போது, ‘விரைவில் முடித்துவிடுங்கள்’ என்று பெற்றோர் கேட்பது இயல்பு. ஆனால் நோயாளி 18 வயது நிறைந்தவராக இருத்தல் வேண்டும். பவரும் குறைந்தது ஓராண்டு மாறாதிருத்தல் வேண்டும். கர்ப்பிணிகளும் தாய்ப்பால் ஊட்டுவோரும் காத்திருப்பதே நன்று. காண்டாக்ட் லென்ஸ் அணிவோர், மருத்துவர் கூறும் காலம்வரை அதை நிறுத்திய பின்னரே கருவிழி அளவெடுப்புக்கு வர வேண்டும். இல்லையேல் அளவு பிழைபடும். சில பணிகளுக்கு இச்சிகிச்சை குறித்துத் தனி விதிகள் உள்ளமையால், அவற்றையும் முன்னரே அறிந்துகொள்ளுங்கள்.

ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: என் கருவிழியின் தடிப்பு எவ்வளவு? செதுக்கிய பின் எவ்வளவு எஞ்சும்? வரைபடப் பரிசோதனையில் ஐயம் ஏதேனும் உண்டா? ஐயம் இருப்பின், கண்ணாடியைத் தொடர்வதே அக்கண்ணுக்குச் சிறந்த சிகிச்சையாகும்.