குழந்தையின் மூளையும் வளர்ச்சி அளவுகோலும்

குழந்தையின் எடையும் உயரமும் வளர்ச்சி அட்டையில் குறிக்கப்படுவதை யாவரும் அறிவர். மூளைக்கும் அத்தகைய அட்டை ஒன்று இன்று உருவாகியுள்ளது. 1,01,457 பேரின் 1,23,984 எம்.ஆர்.ஐ. படங்களைத் தொகுத்து, கருப்பருவம் முதல் முதுமை வரையிலான மூளை அளவுகளைப் பன்னாட்டு ஆய்வாளர்கள் 2022இல் வரைகோடுகளாக வெளியிட்டனர். தனியொருவரின் மூளை அவருடைய வயதினரிடையே எந்நிலையில் உள்ளது என்பதை இதனால் மதிப்பிட இயலும். ஆயின், அப்படங்களுள் பெரும்பாலானவை ஐரோப்பிய, வட அமெரிக்க மக்களுடையவை. நம் நாட்டுக் குழந்தையை எவருடைய சராசரியோடு ஒப்பிடுவது?

இதே வினாவுக்குத் திருவனந்தபுரம், படக்கருவி ஏதுமின்றி, முன்னரே விடை கண்டது. டாக்டர் எம்.கே.சி. நாயரும் உடன் பணியாற்றியோரும் 1991இல் வெளியிட்ட ‘திருவனந்தபுரம் வளர்ச்சிச் சோதனை அட்டவணை’ பிறப்பு முதல் இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்குரியது. பேலி அளவுகோலுக்குப் பரோடாவில் வகுக்கப்பட்ட இந்திய நியமங்களிலிருந்து 17 செயல்கள் இதற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்டன. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பட்டை உண்டு. குழந்தையின் வயதுக்கு நேரே பென்சில் ஒன்றைச் செங்குத்தாக வைத்தல் வேண்டும். அதற்கு இடப்புறம் முடிவுறும் பட்டைகளுக்குரிய செயல்களுள் ஒன்றையேனும் குழந்தை செய்யாவிடில், அது மேற்பரிசோதனைக்கு உரியது. அங்கன்வாடிப் பணியாளர் சில நிமிடங்களில் இதனைச் செய்து முடிக்கலாம். ஆனால் இதன் கண்டறி திறன் 66.7 விழுக்காடே, அதாவது, வளர்ச்சி தாமதமுற்ற மூன்று குழந்தைகளுள் ஒன்று தவறிவிடக்கூடும்.

அக்குறையை மூளைப்படம் உடனே நீக்கிவிடும் எனக் கருதுவதற்கில்லை. கைக்குழந்தையின் நரம்பிழைகளைச் சூழும் மயலின் உறை முற்றுப்பெறாமையால், ஏறத்தாழ ஆறு முதல் எட்டுத் திங்களில் மூளையின் சாம்பல்நிறப் பகுதியும் வெண்பகுதியும் படத்தில் ஒரே சாயலாகத் தோன்றுகின்றன. குழந்தை அசையாதிருத்தலும் வேண்டும். எனவே பாலூட்டி உறங்கவைத்தே பல இடங்களில் படமெடுக்கின்றனர்.

தனியொருவரின் மூளைப்படம் பயன் தரும் துறை இல்லாமலில்லை. அந்நகரின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் 1995 முதல் நடைபெறும் வலிப்பு நோய் அறுவை மருத்துவம் அதற்குச் சான்று. வலிப்பு தோன்றும் இடத்தை அறிய அங்கு எம்.ஆர்.ஐ. துணைசெய்கிறது. ஆட்டிசம், மனச்சோர்வு போன்றவற்றின் நிலையோ வேறு. குழந்தையின் நடத்தையையும் வரலாற்றையும் ஆராய்ந்தே அவை இன்றளவும் கண்டறியப்படுகின்றன. படம் மட்டும் போதாது. தக்க காரணமின்றிப் படத்துக்காகக் காத்திருந்து பயிற்சியைத் தள்ளிப்போடும் குடும்பம், விலைமதிப்பற்ற திங்களை இழக்கிறது.

இந்திய இளையோரின் மனநலத்தையும், அவர்களுள் ஒரு பகுதியினரின் மூளைப்படங்களையும் ஒருங்கே ஆராயும் சி-வேதா ஆய்வு ஏழு இடங்களில் நடைபெற்றுள்ளது. அதில் சேர்க்கப்பட்டோர் 6 முதல் 23 வயதினர். 1991இல் வெளியான திருவனந்தபுரம் அட்டவணையோ இரண்டு வயதுடன் முடிந்தது.