ஆலையின் ஓசையும் சிறுவரின் மன்றாட்டும்

தொழிற்புரட்சி இங்கிலாந்துக்குப் பெருஞ்செல்வம் கொணர்ந்தது. அச்செல்வத்தில் ஒரு பங்கு சிறுவரின் உழைப்பால் விளைந்ததாகும். இக்கொடுமையைப் பாடிய கவிஞருள் சிலர், முதலாளிகளை மட்டுமன்றித் திருச்சபையையும் நோக்கி வினா எழுப்பினர். அவ்வினா இன்றைய ஆயர்களும் எண்ணிப் பார்த்தற்குரியது.

பிளேக்கின் குற்றச்சாட்டு

எட்டு வயதுக்குட்பட்டோரைப் புகைபோக்கி துடைக்கும் தொழிலில் சேர்க்கலாகாது என 1788-இல் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் அது நடைமுறைக்கு வரவில்லை. இச்சிறுவரைக் குறித்து வில்லியம் பிளேக் 1789-இலும் 1794-இலும் இரு கவிதைகளை வெளியிட்டார். முதற் கவிதையில், கடமையைச் செய்வோருக்குத் தீங்கு நேராது என்ற ஆறுதலுடன் சிறுவர் விடியுமுன் எழுந்து வேலைக்குச் செல்கின்றனர். இரண்டாம் கவிதையில், கரிபடிந்த சிறுவன் பனியில் தனித்து நிற்க, அவன் பெற்றோர் ஆலயத்தில் மன்றாடிக்கொண்டிருக்கின்றனர். நாம் கூறும் ஆறுதலுரையே அநீதிக்குத் துணைபோகக்கூடும் என்பதைப் பிளேக் உணர்த்துகிறார்.

கேளாத கடவுளா?

சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்த சிறுவரின் நிலையை ஆராய்ந்த அரசு ஆணையத்தின் அறிக்கைகள் எலிசபெத் பேரட்டின் உள்ளத்தைத் தொட்டன. 1843-இல் அவர் 'சிறுவரின் அழுகுரல்' என்னும் பொருளுடைய கவிதையை வெளியிட்டார். அதில் வரும் பிள்ளைகள் அறிந்த மன்றாட்டு, கடவுளைத் தந்தையென விளிக்கும் சொற்கள் மட்டுமே. சக்கரங்களின் இரைச்சலில் அச்சொற்கள் கடவுளுக்கு எட்டுமா என ஐயுறுகின்றனர். தங்களை ஓயாமல் வேலைவாங்கும் முதலாளியே கடவுளின் சாயலெனக் கேட்டறிந்ததால், கடவுளும் கல்லைப்போல் பேசாதவர் என்று எண்ணுகின்றனர். அநீதி, உடலை வருத்துவதோடு நில்லாமல், இறையறிவையும் திரித்துவிடுகிறது.

தமிழில் பாரதியார், பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வதையுண்ட பெண்களின் விம்மலைக் கேட்டிருப்பாய், அவர்கள் அழுத சொல்லை மீண்டும் உரையாயோ எனக் காற்றை வினவினார். கேட்பார் உளரோ என்பதே இக்கவிஞர் அனைவரின் ஏக்கமாகும்.

நம் வட்டாரத்தில்

இவ்வினா நமக்குத் தொலைவிலன்று. ரெட்டியார்சத்திரம் அடங்கிய திண்டுக்கல் மாவட்டம் நூற்பாலைகள் மிகுந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு பகுதிகளைப்போல் இங்கும் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரால் ஏழைக் குடும்பத்து இளம்பெண்கள் வேலைக்குச் சேர்க்கப்பட்டனர். ஏறத்தாழ மூன்றாண்டு உழைத்தால், திருமணச் செலவுக்கென ஒரு தொகை கிடைக்கும் என்பது வாக்கு. இடையில் நோயுற்று விலகியோர் பலர் அதனை இழந்தனர். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடைசெய்கிறது. எனினும் குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப்பின் உதவ விலக்களிக்கிறது. பதினான்கு முதல் பதினெட்டு வயதினரை அபாயகரமான தொழில்களில் மட்டுமே தடுக்கிறது.

திருச்சபையின் பணி

அடிமைகளின் கூக்குரலைக் கேட்டு இறங்கிவந்தவராகவே கடவுளை வேதம் அறிமுகம் செய்கிறது (யாத். 3:7-8). பிடித்துவைக்கப்பட்ட கூலியே அவர் முன் முறையிடுகிறது என்கிறார் யாக்கோபு (5:4). ஆகவே ஞாயிறு பள்ளிக்கு வராதுபோன பிள்ளையின் இல்லத்துக்கு ஆயர் செல்லவேண்டும். அப்பிள்ளை எங்கே, என்ன கூலிக்கு உழைக்கிறது, அக்குடும்பத்தின் கடன் யாது என அறியவேண்டும். பொறுமையைப் போதிக்குமுன் செவிகொடுப்பதே நம் கடமை. நம் செவி அடைபட்டிருக்குமாயின், கடவுளும் கேளாதவர் என்றே அப்பிள்ளை கற்றுக்கொள்ளும்.