கழிவுநீருக்கு மூச்சு: காற்றூட்டலில் மின்சிக்கனம்

கழிவுநீரைத் தூய்மை செய்யும் பணியைப் பெரிதும் ஆற்றுவன கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்களே. அவை கழிவை உண்டு பெருகுகின்றன. அதற்கு உயிர்வளி வேண்டும். அதனை நீரில் கலந்தளிப்பதே காற்றூட்டல் எனப்படும்.

இம்முறையை 1914-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரின் எட்வர்டு ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் ஆகியோர் உலகிற்கு அறிவித்தனர். கழிவுநீரில் காற்றை மட்டும் செலுத்தியபோது அது முற்றும் தூய்மையுற ஏறத்தாழ ஐந்து வாரங்கள் ஆயின. படிந்த கசட்டை எறியாது வைத்துப் புதிய கழிவுநீரோடு மீண்டும் மீண்டும் சேர்த்தபோது, அதே பணி ஒரு நாளுக்குள் முடிந்தது. கசட்டில் வாழ்ந்த நுண்ணுயிர்களே அதற்குக் காரணம்.

ஆயினும் இதற்கு ஒரு விலை உண்டு. இத்தகைய நிலையங்கள் செலவிடும் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதியோ அதற்கு மேலோ காற்றூட்டலுக்கே போகிறது. உயிர்வளி நீரில் எளிதிற் கரைவதன்று. 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லிட்டர் தூய நீர் காற்றிலிருந்து ஏற்பது ஏறத்தாழ 7.5 மில்லிகிராமே. எஞ்சியது குமிழியாக மேலெழுந்து வீணாகும்.

இவ்விழப்பைக் குறைக்கும் வழிகள் மூன்று.

முதலாவது, குமிழியைச் சிறிதாக்கல். ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள குமிழியை 2 மில்லிமீட்டர் குமிழிகளாகப் பகுத்தால் 125 குமிழிகள் கிடைக்கும். நீரைத் தொடும் பரப்பு ஐந்து மடங்காகும். சிறு குமிழி மெல்ல எழுவதால் கரைவதற்குக் காலமும் கூடும். தொட்டியின் அடியில் நுண்துளைத் தட்டுகளைப் பொருத்துவது இதன்பொருட்டே.

இரண்டாவது, அளவறிந்து ஊட்டல். நீரில் உயிர்வளி மிகுந்திருப்பின் மேலும் கரைவது அரிதாகும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் பொதுவாகப் போதுமானது. அதனை 4 மில்லிகிராமாக வைத்திருந்தால் கரைவதற்குரிய இடைவெளி 5.5-இலிருந்து 3.5 ஆகச் சுருங்கும். மீண்டும் 2-க்குக் கொணர்ந்தாலே, பிற நிலைமைகள் மாறாதிருப்பின், காற்றின் தேவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். கழிவின் வரத்து காலையில் பெருகும், நள்ளிரவில் சுருங்கும். கரைந்த உயிர்வளியை அளக்கும் கருவியும், அதற்கேற்ப வேகம் மாறும் காற்றூதியும் இங்கே துணைபுரியும்.

மூன்றாவது, பராமரிப்பு. நுண்துளைகளில் அழுக்கும் உப்பும் அடைந்தால் குமிழி பெருக்கும். காற்றூதியின் சுமை கூடும். உரிய காலத்தில் துப்புரவு செய்தல் இன்றியமையாதது.

மின்கட்டணத்திற்கு அஞ்சி இயந்திரத்தை நிறுத்திவைப்பது சிக்கனமன்று. மூச்சடைத்த நுண்ணுயிர்கள் மடியும். கழிவு ஆற்றை அடையும். பாலாற்றுப் பகுதியின் தோல் தொழிற்சாலைகள் குறித்து 1996-இல் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டியது. அச்செலவைத் தாங்கத்தக்கதாக்கி, நிலையத்தை இடையறாது இயங்கச் செய்வதே அறிவியல் காட்டும் மின்சிக்கனம்.