நறுமணத்திற்கும் ஒரு கணக்கு

திருவனந்தபுரத்தின் பல இல்லங்களில், வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் கொணரும் அன்பளிப்புகளுள் வாசனைத் திரவியப் புட்டிக்குத் தனி இடம் உண்டு. அன்பளிப்பை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. நம் பணத்தில் வாங்கும்போதோ, சிலவற்றை அறிந்திருத்தல் நலம்.

முதலாவது, செறிவு. ‘ஓ டி கொலோன்’ வகையில் நறுமண எண்ணெய் ஏறத்தாழ 2 முதல் 5 விழுக்காடு. ‘ஓ டி டாய்லெட்’ வகையில் 5 முதல் 15. ‘ஓ டி பர்ஃபம்’ வகையில் 15 முதல் 20. எஞ்சியது பெரும்பாலும் ஆல்கஹால். 10 விழுக்காடு செறிவுள்ள 100 மில்லி புட்டி 2,000 ரூபாய் என்றும், 20 விழுக்காடு செறிவுள்ள 50 மில்லி புட்டி 1,800 ரூபாய் என்றும் கொள்வோம். இரண்டிலும் எண்ணெய் 10 மில்லியே. எண்ணெயின் தரம் ஒன்றாயின், சிறிய புட்டியே இலாபம்.

இரண்டாவது, ‘இயற்கை’ என்னும் சொல். கேரளத்து எலுமிச்சைப்புல் எண்ணெய் ‘கொச்சி எண்ணெய்’ என உலகச் சந்தையில் பெயர் பெற்றது. அதிலுள்ள சிட்ரால் என்னும் பொருளிலிருந்து, வயலட் மலரின் மணமுடைய அயனோனை 1893இல் ஜெர்மானிய வேதியியலர் உருவாக்கினர். புல்லும் ஆய்வுக்கூடமும் கைகோத்த தொழில் இது. ஆகவே, ‘இயற்கை’ என்ற முத்திரைக்காக மட்டும் கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

மூன்றாவது, பொறுமை. காகிதத் துண்டில் முகர்ந்த கணமே வாங்கிவிடலாகாது. முதலில் எழும் மணம் கால் மணி நேரத்திற்குள் தணியத் தொடங்கும். அடிமணம் வெளிப்படச் சில மணி நேரம் ஆகும். மணிக்கட்டில் ஒரு துளி இட்டு, கடைத்தெருவில் பிற வேலைகளை முடித்து வந்து முடிவு செய்க. ஒரே வேளையில் பலவற்றை முகர்ந்தால் மூக்கு வேறுபாடு அறிவது கடினமாகும்.

அணிவதிலும் நம் ஊரின் தட்பவெப்பத்தை எண்ண வேண்டும். வெப்பத்தில் மணம் விரைந்து ஆவியாகிப் பரவும். எனவே பகலில் எலுமிச்சை, வெட்டிவேர் போன்ற மென்மணங்களும், மாலையில் சந்தனமும் பொருந்தும். எண்ணெயாகிய அத்தரை உடலில் மட்டும் இடுக. கசவு வேட்டியிலும் புடவையிலும் பட்டால் கறை படியும். பெர்கமட் போன்ற சில நாரத்தை இன எண்ணெய்கள் தோலில் இருக்கையில் வெயில் பட்டால் கருமை படரக்கூடும்.

நிறைவாக ஒன்று. அணிந்தவரின் மூக்கு சிறிது நேரத்தில் தம் மணத்திற்குப் பழகிவிடும். அது போய்விட்டதென எண்ணி மீண்டும் தெளிப்பது இயல்பு. நெரிசலான பேருந்திலும் வங்கி வரிசையிலும் அருகில் நிற்பவருக்கு ஆஸ்துமாவோ ஒற்றைத் தலைவலியோ இருக்கலாம். நம் மணம் ஒரு கை தொலைவைத் தாண்டாதிருப்பதே அளவு. புட்டியை வெயிலும் வெப்பமும் படாத அலமாரியில் வைத்தால், செலவிட்ட பணமும் நெடுநாள் பயன் தரும்.