தேசிங்கு (ஆண்பால் பெயர்)

தேசிங்கு என்பது தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில், அதிலும் செஞ்சியைச் சுற்றியுள்ள விழுப்புரம், திருவண்ணாமலை, இராணிப்பேட்டைப் பகுதிகளில், ஆண்களுக்கு இடப்பட்டு வந்த பெயர். தேசிங், தேசிங்குராஜன், தேசிங்குராஜா என்னும் வடிவங்களும் உண்டு. 1714ஆம் ஆண்டில் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இளம் வயதில் மாண்ட செஞ்சிக் கோட்டைத் தலைவன் தேஜ் சிங்கின் பெயரே தமிழ் மக்கள் வாயில் தேசிங்கு ஆயிற்று. ஓராண்டுகூட முழுமையாக ஆளாத ஒரு வடநாட்டு இளைஞனின் பெயரைத் தமிழ்நாட்டு உழவர் குடும்பங்கள் பல தலைமுறைகளாகத் தம் பிள்ளைகளுக்கு வைத்தன. ஆள்பெயர்களின் வரலாற்றில் இது தனித்துப் பார்க்க வேண்டிய செய்தி.

பெயரின் பொருள்

குழந்தைப் பெயர்ப் பட்டியல்கள் சிலவற்றில் இப்பெயருக்குத் 'தேசத்தின் சிங்கம்' என்று பொருள் எழுதியிருக்கிறார்கள். இது ஓசையை வைத்துச் செய்த ஊகம். தேசம் என்ற சொல்லுக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. தேஜ் என்பது 'தேஜஸ்' என்னும் வடசொல்லிலிருந்து வந்தது. ஒளி, பொலிவு என்று பொருள். சிங் என்பது 'சிம்ஹ' என்பதன் திரிபு. சிங்கம் என்று பொருள். ஆகவே 'ஒளி பொருந்திய சிங்கம்' என்று கொள்ளலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இவ்விரு வடசொற்களும் தேஜ் சிங் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழுக்குள் வந்து குடியேறியவை. தேஜஸ் தமிழில் 'தேசு' ஆகிப் பக்தி இலக்கியத்தில் பயின்று வருகிறது. சிம்ஹ என்பது 'சிங்கம்' ஆகி, யாரும் வடசொல் என்று நினைக்காத அளவுக்கு ஊறிவிட்டது. தேசு, சிங்கம் இரண்டையும் அறிந்திருந்த காதுக்குத் தேஜ் சிங் என்பது முற்றிலும் அந்நியமாக ஒலித்திராது.

ஒலி மாற்றமும் தமிழ் இயல்பின்படியே நடந்திருக்கிறது. 'ஜ்', 'ச' என்ற இரண்டு ஒலிகள் அடுத்தடுத்து நிற்பதைத் தமிழ் நாக்கு விரும்பாது. அவை ஒரே சகரமாகக் குறுகின. வல்லின மெய்யில் சொல் முடிவதும் தமிழில் இல்லை. எனவே நவாப் 'நவாபு' ஆனதுபோல், சிங் என்பதன் இறுதியில் உகரம் சேர்ந்து 'சிங்கு' ஆயிற்று. முதலெழுத்து மட்டும் ஒரு படி விலகியது. தேஜ் என்பதில் உள்ளது 'தேர்' என்னும் சொல்லில் வரும் அழுத்தமான தகரம். தேசிங்கு என்பதையோ 'தேசம்' என்பதைப் போல மென்மையாக ஒலிக்கிறோம். 'தேசத்தின் சிங்கம்' என்ற ஊகம் பிறக்க இந்த உச்சரிப்பும் ஒரு காரணம்.

சிம்ஹ என்ற ஒரே சொல் தமிழ் ஆள்பெயர்களில் மூன்று உருவில் இருப்பதை மாணவர்கள் கவனிக்கலாம். அரசர் பெயர்களில் அது சிம்மன் (இராசசிம்மன்). யாழ்ப்பாணத்துப் பெயர்களில் சிங்கம் (இராசசிங்கம், குணசிங்கம்). செஞ்சிப் பக்கம் சிங்கு. தென் மாவட்டக் கிறித்தவக் குடும்பங்களில் காணும் சுந்தர்சிங் என்ற பெயர் சாது சுந்தர் சிங்கின் நினைவாக வந்தது. அதற்கும் செஞ்சிக்கும் தொடர்பில்லை.

தேஜ் சிங் யார்?

இவரைத் தமிழ் மன்னர் என்றும் மராத்தியர் என்றும் எழுதுவோர் உண்டு. இரண்டும் சரியன்று. இவர் புந்தேல இராசபுத்திரர். புந்தேல்கண்ட் என்பது இன்றைய உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் ஆகிய இரு மாநிலங்களிலும் பரவிக் கிடக்கும் நிலப்பகுதி. அங்கிருந்து ஒரு குடும்பம் செஞ்சிக்கு வந்து சேர்ந்த கதை கோட்டையின் கதையோடு பின்னியது.

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த இக்கோட்டை நாயக்கர், பீஜப்பூர் சுல்தான் என்று கைமாறி, 1677இல் சிவாஜியிடம் வந்தது. அவர் மகன் இராஜாராம் இங்கிருந்துகொண்டு முகலாயரை ஆண்டுக்கணக்கில் எதிர்த்து நின்றார். 1698இல் கோட்டை முகலாயர் கையில் விழுந்தது. அதன்பின் அதைக் காக்கும் பொறுப்பு ஔரங்கசீப்பின் ஆணையால் சுரூப் சிங் என்ற புந்தேலத் தலைவருக்குக் கிடைத்தது. அவருடைய மகனே தேஜ் சிங்.

சுரூப் சிங் 1714இல் இறந்தபோது நவாபுக்குச் செலுத்த வேண்டிய பெருந்தொகை நிலுவையில் நின்றது. வடக்கிலிருந்து வந்து பொறுப்பேற்ற மகன், பேரரசர் தந்த ஆணை தன் குடும்பத்துக்கு உரியது என்று வாதிட்டார். நவாப் சாதத்துல்லா கானோ ஔரங்கசீப் இறந்துவிட்டார், புதிய பேரரசர் வந்துவிட்டார், பழைய ஆணை புதுப்பிக்கப்படாமல் செல்லாது என்றார். சட்டப்படி பார்த்தால் நவாபின் பக்கம் வலுவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கதைகள் சட்டத்தின் பக்கம் நிற்பதில்லை. பெரும்படையை மிகச் சிறு குதிரைப்படையோடு எதிர்கொண்ட தேஜ் சிங் 1714 அக்டோபர் 3 அன்று களத்தில் வீழ்ந்தார். வயது 22. அவருடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறினார். கோட்டைக்குள் செட்டிகுளத்தின் கரையில் அந்த இடத்தை இன்றும் காட்டுகிறார்கள். வென்ற நவாபே அப்பெண்ணின் நினைவாகப் பாலாற்றங்கரையில் ஓர் ஊரை அமைத்து இராணிப்பேட்டை என்று பெயரிட்டார் என்பது வழிவழி வரும் செய்தி.

கதைப்பாடல் பரப்பிய பெயர்

தேஜ் சிங் குடும்பத்துக்குச் செஞ்சியில் தொடர்ச்சி ஏற்படவில்லை. அவர் கோயில் கட்டவில்லை, ஏரி வெட்டவில்லை, அதற்கு நாளும் இல்லை. அப்படியிருக்க, பெயர் எப்படி வீட்டுத் தொட்டில் வரை வந்தது? 'தேசிங்குராஜன் கதை' என்னும் கதைப்பாடல் செய்த வேலை அது. ஊர் ஊராகப் பாடப்பட்டது, நாடகமாக ஆடப்பட்டது, பிறகு பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சாகித் திருவிழாக் கடைகளில் விற்றது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து இராகம் போட்டு வாசிக்க, தெருவே சுற்றி அமர்ந்து கேட்ட காலம் ஒன்று இருந்தது.

பாடலில் வருவது வரலாற்றுத் தேஜ் சிங் அல்லர், தேசிங்கு. எவரும் அடக்க முடியாத குதிரையைத் தில்லியில் அடக்கித் தந்தையைச் சிறை மீட்கும் சிறுவன். அவன் குதிரை பாராசாரி. அவனுடைய உயிர்த் தோழன் ஓர் இசுலாமியன். போர்ச் செய்தி கேட்டு, தன் திருமணக் கோலத்தையும் விட்டுப் புறப்பட்டு வந்து நண்பனோடு மாள்கிறான். அந்தத் தோழனின் பெயர் மாற்றம் தேசிங்கைவிடச் சுவையானது. மகபத் கான் என்ற பெயரைப் பாடல் 'மோவுத்துக்காரன்' ஆக்கிவிட்டது. 'கான்' என்பது வேலைக்காரன், வண்டிக்காரன் என்பவற்றில் வரும் 'காரன்' ஆகிவிட்டது பாருங்கள்! ஒலி நெருங்கினால் போதும், தெரிந்த சொல்லாக மாற்றிக்கொள்வது மக்கள் மொழியின் வழக்கம்.

சிங்கவரம் அரங்கநாதரை வணங்கி விடைபெறப் போனபோது, போக வேண்டாம் என்பதுபோல் இறைவன் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அதையும் மீறித் தேசிங்கு போருக்குச் சென்றான் என்பது கதையின் மற்றொரு கட்டம். செஞ்சிக்கு அருகிலுள்ள அந்தக் குடைவரைக் கோயிலுக்குப் போவோருக்கு இக்கதை இன்றும் சொல்லப்படுகிறது.

கேட்பவர் மனத்தில் நின்றது வரி நிலுவை அன்று. குதிரையும் நட்பும் பணிய மறுத்த பிடிவாதமும்தாம். ஆண் குழந்தைக்கு அப்பெயரை வைத்தவர்கள் வைத்தது அந்தத் துணிச்சலின் நினைவாக. இதில் மதமோ சாதியோ குலதெய்வமோ இல்லை என்பது என் கணிப்பில் முக்கியமானது. முனியன், மாரியப்பன், ஏழுமலை என்று பெரும்பாலான ஊர்ப்பெயர்கள் சாமியை ஒட்டி வரும் வட்டாரத்தில், ஒரு பாட்டிலிருந்து மட்டும் வந்த பெயர் இது.

அரிதாகிய காரணம்

அந்த வலிமையே பிற்காலத்தில் குறையாகவும் ஆயிற்று. சாமி பெயருக்குக் கோயிலும் ஆண்டுத் திருவிழாவும் துணை நிற்கும். பாட்டிலிருந்து வந்த பெயருக்குப் பாட்டுத்தான் துணை. திண்ணை வாசிப்பு நின்று, பெரிய எழுத்துப் புத்தகம் கடையை விட்டு மறைந்தபின், கதை முழுவதும் தெரிந்த பெற்றோர் குறைந்தார்கள். எம்.ஜி.ஆர். நடித்த 'ராஜா தேசிங்கு' படம் 1960இல் வந்தது. தலைப்பு பலருக்குத் தெரிந்தது. பெயரை வைப்போர் அதனால் பெருகியதாகத் தெரியவில்லை. 2013இல் வந்த 'தேசிங்கு ராஜா' நகைச்சுவைப் படம். பேச்சு வழக்கிலும் "இவர் பெரிய தேசிங்கு ராஜா" என்பது மிடுக்குக் காட்டுபவரைக் கேலி செய்யும் தொடராகிவிட்டது. வகுப்பில் அப்படிக் கேலிக்கு ஆளாகும் பெயரை மாணவன் விரும்பமாட்டான்.

எஞ்சியிருந்த மற்றொரு பாதுகாப்பு, பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம். பெயரைச் சுமப்பவன் என்பதால்தான் 'பெயரன்'. அதுவே பேரன் ஆயிற்று. இன்று பாட்டன் பெயரைத் தொட்டிலில் ஒருமுறை காதில் சொல்லிவிட்டு, பிறப்புச் சான்றிதழில் வேறு பெயர் எழுதுகிறார்கள். 'ஷ்' என்று முடிய வேண்டும், எண் கணிதத்துக்குப் பொருந்த வேண்டும் என்ற நிபந்தனைகளுக்குத் தேசிங்கு எப்படிச் சரிப்படும்?

வட மாவட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வருகைப் பதிவேடு எழுதியவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். தொடக்கத்தில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது ஒரு தேசிங்கு வகுப்பில் இருப்பான். பின்னாளில் அப்பெயர் மாணவர்களின் தலைப்பெழுத்துக்கு ஏறிவிட்டது. 'தே.' என்று தொடங்கும் பெயரைப் பார்த்துத் தந்தை பெயரைக் கேட்டால், தேவராஜ், தேவேந்திரன் என்று வரும் விடைகளுக்கு நடுவே எப்போதாவது தேசிங்கு என்று வரும். ஆங்கில எழுத்தில் 'டி' என்று போட்டுவிட்டால் அந்த அடையாளமும் இல்லை. தேசிங்கும் தங்கவேலும் ஒன்றுதான்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியரின் இராணுவ நிலப்பரப்புகள் என்ற தொகுப்பில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது செஞ்சியும் அதில் இடம்பெற்றது. அறிவிப்பு மராத்தியர் காலத்தைப் பற்றியது. கோட்டையைப் பார்க்க வரும் வட மாவட்டத்துக்காரர்களுக்கோ அது இன்னமும் தேசிங்குராஜன் கோட்டை.